‘விடு’ என்றது யாரிடம்

அனுப்பியது: ஜூலை 14
சேர்ந்தது: ஜூலை 16

விஜயராகவன் அண்ணனுக்குத் தளபதி தணிகைவேல் எழுதுவது.

கோபமாக இருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் நம் உடுமண்டலம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. போன வாரம் வரைக்கும் நம் இரண்டு கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஓலை அனுப்பினால் மறுநொடி உங்கள் கையில் இருக்கும். இன்றைக்கு அனுப்பு என்று அழுத்தினால், “தூரம் அதிகம், இரண்டு நாள் ஆகும்” என்கிறது. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பின மாதிரி கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்களே அண்ணே! பெட்டியில் நாலு வேட்டியாவது எடுத்து வைத்தீர்களா?

சரி, நடந்தது நடந்துவிட்டது. எதிரிப் படையை விட்டு, வெள்ளைக்கொடி காட்டிக்கொண்டு நம் பக்கம் வந்தார் பங்காரு. என்ன செய்ய என்று கேட்டீர்கள். நான் “விடு” என்றேன். போகட்டும் விடு என்ற அர்த்தத்தில் சொன்னேன். நீங்கள் ஏவுகணையை விடு என்று எடுத்துக்கொண்டு சுட்டுவிட்டீர்கள். கூடத்தில் ஐம்பத்தேழு கப்பல்காரர்களும் விசாரித்தார்கள், நான் சொன்னதைக் கேட்டார்கள், ஓட்டுப் போட்டு உங்கள் துணைத்தளபதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நானா?

உடுமண்டலம் ஒரு விளையாட்டுதானே அண்ணே. அதிலும் படம்கூட இல்லாத விளையாட்டு. போனில் வரி வரியாக எழுத்து வரும், பதிலுக்கு நாம் எழுத வேண்டும், அவ்வளவுதான். “மல்லிச்செடி என்ற கப்பல் சிதறியது” என்று ஒரு வரி வந்தது, மேலே ஏறிப் போய்விட்டது. சத்தம்கூட இல்லை. அதற்குப் போய் இவ்வளவு தூரமா?

நீங்கள் இல்லாமல் வரிசை வரிசையாகவே இல்லை. அணிவகுத்து நில்லுங்கள் என்றால் ரேஷன் கடையில் பாமாயிலுக்கு நிற்பது மாதிரி நிற்கிறார்கள். வந்துவிடுங்கள். பட்டத்தைக் கொஞ்ச நாளில் நானே பேசி வாங்கித் தருகிறேன்.

தணிகைவேல்


அனுப்பியது: ஜூலை 17
சேர்ந்தது: ஜூலை 20

தளபதி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. தங்கள் 14ஆம் தேதி ஓலை கிடைத்தது.

படம்கூட இல்லாத விளையாட்டு என்று எழுதியிருந்தீர்கள். நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கேயும் படம் கிடையாது, வரிதான். ஒருவர் சொல்வார், நான் தட்டுவேன். அந்தத் தாள் மேலே போய்க் கையெழுத்தாகி வந்ததும் ஒரு மனிதர் வீட்டுக்குப் போவார், இன்னொருவர் போகமாட்டார். அங்கேயும் சத்தம் கேட்காது.

கூடத்தில் தாங்கள் சொன்னதை நாலைந்து முறை வாசித்துப் பார்த்தேன். நம் படையில் இரண்டு வருடமாக “விடு” என்றால் ஏவுகணையை விடுவதுதான். ஒரு கப்பலைப் போகச் சொல்ல வேண்டுமானால் “வழிவிடு” என்று எழுத வேண்டும். குழப்பம் வரக்கூடாது என்று இந்த ஏற்பாட்டைச் செய்ததே தாங்கள்தான். அதைக் கூடத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தாங்களும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தளபதி பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

பங்காரு கடைசியாக எழுதிய வரி என் கப்பலின் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. “கொடி ஏத்திட்டேன், பாத்தீங்களா? சுடாதீங்க, வந்துகினு இருக்கேன்.” கப்பல் போனால் அந்தப் பெயரில் அந்த ஆள் மறுபடி உள்ளே வர முடியாது என்பது விளையாட்டின் விதி. அவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் முகவரி இல்லை.

இன்னொன்று. தினமும் காலை பத்தரைக்குத் தாங்கள் “சாப்டீங்களா அண்ணே” என்று கேட்பீர்கள். அன்றைக்கு மட்டும் அது வரவில்லை. அதற்குப் பதிலாக “விடு” வந்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

விஜயராகவன்


அனுப்பியது: ஜூலை 20
சேர்ந்தது: ஜூலை 24

அண்ணே,

மூன்று நாள் இப்போது நான்கு நாளாகிவிட்டது. இன்னும் எவ்வளவு தூரம்தான் போவீர்கள்? வழியில் பஸ் ஸ்டாண்டு எதுவும் கிடையாது, சொல்லிவிட்டேன்.

“வழிவிடு” என்று நான்கு எழுத்து எழுத நேரமில்லை, இரண்டெழுத்தோடு நிறுத்திவிட்டேன். அவசரம்தான். எனக்கும் வேலை இருக்கிறது இல்லையா? தினமும் ஆயிரம் ஜோடியை நான் ஒருவனாக மேய்க்கிறேன். ஒரு ஜோடி இடம் மாறினால் ஊரே கூடிவிடும். விசேஷ நாளென்றால் பத்தாயிரம். உங்கள் கோர்ட்டில் ஒருவர் பேசினால் ஒருவர் கேட்பார். இங்கே ஒரே நேரத்தில் நூறு பேர் பேசுவார்கள், அத்தனை பேருக்கும் என்மேல்தான் கோபம் இருக்கும்.

நேற்று கூடத்தில் ஒரு ஜோக் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நல்ல ஜோக் அண்ணே அது. நீங்கள் இருந்திருந்தால் “தளபதியின் நகைச்சுவை பதிவு செய்யப்பட்டது” என்று எழுதியிருப்பீர்கள், அதற்காவது ஐந்தாறு பேர் சிரித்திருப்பார்கள்.

சாப்பிட்டீர்களா? இது உங்களுக்கு வந்து சேர நான்கு நாள் ஆகும், எந்த வேளைக்குக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லா வேளைக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தணிகைவேல்


அனுப்பியது: ஜூலை 25
சேர்ந்தது: ஜூலை 30

தளபதி அவர்களுக்கு,

வணக்கம். சாப்பிட்டேன். மூன்று வேளைக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

நான் இப்போது நாக்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகளும் காலையில் போய் இருட்டின பிறகு வருவார்கள். நல்லவர்கள். களைத்து வருவார்கள். பக்கத்து வீடுகளில் தமிழ் கிடையாது. மகனும் தமிழில் “அப்பா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஒரு நாளைக்கு நான் வாசிக்கும் தமிழ் உடுமண்டலத்தில் வருவது மட்டும்தான். தாங்கள் ராணுவத்தில் இருந்தவர் என்று படையில் பேசிக்கொள்வார்கள். நான் தலைமை ஆசிரியர் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்துபவர். இதையெல்லாம் இதுவரை சொன்னதில்லை. ஐந்து நாள் தூரம் வந்த பிறகு சொல்ல முடிகிறது.

நான் கடைசி விளக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மண்டலத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த விளக்கில் யார் வேண்டுமானாலும் ஒரு வரி எழுதலாம், அது அழியாது என்று படித்திருப்பீர்கள். பங்காருவுக்கு ஒரு வரி எழுதப் போகிறேன். இவ்வளவு தயார் செய்திருக்கிறேன்:

“பங்காரு. மல்லிச்செடிக் கப்பல். வெள்ளைக்கொடி காட்டியபோது சுடப்பட்டார். சுட்டவர் விஜயராகவன். கட்டளை:”

அதற்கு மேல் இடம் காலியாக இருக்கிறது. தெரியாததை நான் தட்டுவதில்லை.

ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குத் தாங்கள் “விடு” என்றது எதை? விளக்கடியில் ஆகஸ்ட் 22 வரை நிற்க எரிபொருள் இருக்கிறது. அதன்பின் விளக்கைத் தாண்டிப் போவேன். அந்தப் பக்கம் அஞ்சல் கிடையாது. மிரட்டலுக்காக எழுதவில்லை. திரும்பி வரக் காரணம் எதுவும் தெரியவில்லை, அதனால்தான்.

விஜயராகவன்


அனுப்பியது: ஆகஸ்ட் 2
சேர்ந்தது: ஆகஸ்ட் 8

விஜயராகவன் அண்ணனுக்கு,

மூன்று நாளாக இதைத் தொடங்கித் தொடங்கி அழிக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பதில் புரியாது.

நான் ராணுவம் இல்லை. தலைமை ஆசிரியர் இல்லவே இல்லை. நாலாம் வகுப்பில் வாத்தியார் என்னைப் பார்த்தும், நான் வாத்தியாரைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டுப் பிரிந்துவிட்டோம். அண்ணே, நான் ஆம்பிளையே இல்லை. என் பெயர் நிர்மலா. வயது நாற்பத்தெட்டு. திருத்தணி மலை மேல் கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. எங்கள் கூண்டுக்கு மேலே “தணிகைவேல் காலணி பாதுகாப்பிடம்” என்று போர்டு இருக்கிறது. விளையாட்டு என் பெயரைக் கேட்டபோது அண்ணாந்து பார்த்தேன், முதல் வார்த்தையை அப்படியே போட்டுவிட்டேன். மீதி இரண்டு வார்த்தையையும் சேர்த்துப் போட்டிருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது. ஆயிரம் ஜோடி என்று எழுதினேனே, செருப்புதான்.

எழுத எனக்கு மெதுவாகத்தான் வரும். அதனால் போனில் பேசியே அனுப்புவேன். பேசி நிறுத்தி ஒரு மூச்சு விட்டால் அதுவாகவே போய்விடும். என்னோடு கூண்டில் இருக்கிற ஜெயம்மாள்தான் அப்படி வைத்துக் கொடுத்தாள். நான் “உடு” என்றால் அது “விடு” என்று திருத்தி எழுதும். என்னைவிட அதற்குப் படிப்பு ஜாஸ்தி. நல்ல தமிழில் எழுதினால்தான் விளையாட்டுக்குப் புரியும் என்பதால் இந்த இரண்டு வருடத்தில் எனக்கும் கொஞ்சம் எழுத்துத் தமிழ் ஒட்டிக்கொண்டது. இந்த ஓலையை மட்டும் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துகிறேன். ஜெயம்மாள் காதில் விழக்கூடாது.

ஜூலை ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை. “சாப்டீங்களா அண்ணே” என்று உங்களைக் கேட்கலாம் என்று மைக்கை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து வந்த ஒருத்தர் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். டோக்கன் இல்லையென்றால் செருப்பும் இல்லை என்று ஜெயம்மாள் தனக்குத் தெரிந்த தெலுங்கில் பிடித்துக்கொண்டாள்.

“டோக்கன் லேதண்டே செப்புலும் லேது!”

“அதோ அந்த நீலப் பட்டை, நாதே அம்மா, என்னுதுதான்.”

“நீலப் பட்டை நூறு கீது. நான்தான் உன் செருப்புன்னு அதுவே வந்து சொல்லுமா?”

நான் அவர் காலைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த காலில், பட்டை பட்ட இடம் மட்டும் வெளுத்து, அச்சு மாதிரி இருந்தது. குறுக்கே ஒரு பட்டை, கட்டை விரலுக்கு ஒரு வளையம். அந்தச் செருப்பேதான். எத்தனை வருடமாகக் கால் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? ஜெயம்மாளைப் பார்த்து, “உடு” என்றேன்.

ஒரு மூச்சு விட்டேன். அவ்வளவுதான் அண்ணே.

உங்கள் கேள்வி வந்ததையே நான் பார்க்கவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பத்து நிமிடம் கழித்துப் போனைப் பார்த்தால் மல்லிச்செடி சிதறியது என்று இருக்கிறது. அதற்கு மேலே என் பெயரில் “விடு”. அந்த ஆளைப் போகச் சொன்ன அதே வார்த்தை.

கூடத்தில் கேட்டபோது உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். செருப்புக் கூண்டு, டோக்கன், ஜெயம்மாள், எல்லாம். இங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. டோக்கனை நீட்டுவார்கள், செருப்பை வாங்குவார்கள், போய்விடுவார்கள். வீட்டில் எனக்காகக் காத்திருப்பது ஒரு பூட்டு. உடுமண்டலத்தில் ஐம்பத்தேழு பேர், “தளபதி, என்ன செய்யலாம்?” என்று என்னைக் கேட்டார்கள். அது போய்விடும் என்று பயந்துவிட்டேன். தளபதி இரக்கப்பட்டார், துணைத்தளபதி தப்பாகப் புரிந்துகொண்டார் என்பது கேட்க நன்றாக இருந்தது. சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் பேசவே இல்லை.

இப்போது யார் வந்து செருப்பைக் கழற்றினாலும் இவர் பங்காருவாக இருக்குமோ என்று பார்க்கிறேன். “வந்துகினு இருக்கேன்” என்று எழுதினார் இல்லையா, அது எங்கள் பக்கத்துப் பேச்சு அண்ணே. அவர் இந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறார்.

நிர்மலா


அனுப்பியது: ஆகஸ்ட் 8
சேர்ந்தது: ஆகஸ்ட் 14

நிர்மலா அவர்களுக்கு,

வணக்கம். “தளபதி அவர்களுக்கு” என்று தட்டி, அழித்துவிட்டு இதைத் தட்ட அரை மணி நேரம் ஆனது. இரண்டு வருடமாக ஐயா ஐயா என்று எழுதியிருக்கிறேன். நீங்களும் ஜெயம்மாளும் எவ்வளவு சிரித்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

கோபம் வந்தது. மறைக்கவில்லை. பால்கனியில் போய் நின்றேன். கீழே பள்ளி வேன் வந்து போனது. கோபத்தைச் சொல்லக்கூட இங்கே ஆள் இல்லை. திரும்பி வந்து உங்கள் ஓலையை மறுபடி வாசித்தேன். அந்த நீலப் பட்டைக்காரரின் கால் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஏவுகணை கிளம்ப நாற்பது நொடி இருந்தது. பங்காரு கொடி ஏற்றியிருந்தார். வந்த கட்டளை எனக்கு உறுத்தியது. “மறுபடி சொல்லவும்” என்று கேட்க நாற்பது நொடி தாராளம். நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் சொல்வதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்பவன் என்று எனக்கு ஒரு பெயர். யாரையும் இரண்டாவது முறை கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிருக்கு நாற்பது நொடியும் போனது.

இன்னொன்றும் இருக்கிறது. நீதிமன்றத்தில் விடு என்று வரும் இடத்திலெல்லாம் நான் தட்டியது விடுதலை, விடுவிக்கப்படுகிறார் என்றுதான். எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பேன்! அந்த ஒரு நாள் மட்டும் என் விரலுக்கு அது மறந்துவிட்டது.

நீங்கள் எனக்கு எழுதியது எனக்குப் போதும். பங்காருவுக்குப் போதாது. கூடத்தின் பதிவேட்டில் இன்னும் பழைய வாக்குமூலம்தான் இருக்கிறது. மாற்றுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். மாற்றினால் உங்களுக்கு என்ன போகும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

விளக்கடிக்கு வந்துவிட்டேன். வரியை இன்னும் விளக்கில் ஏற்றவில்லை, “கட்டளை:” என்பதற்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. 22ஆம் தேதி வரை இங்கே இருப்பேன்.

விஜயராகவன்


அனுப்பியது: ஆகஸ்ட் 17
சேர்ந்தது: ஆகஸ்ட் 22

அண்ணே,

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இப்போதுதான் இறங்குகிறது. மூன்று நாளாக மலை முழுக்க மஞ்சள் சேலை, பூக்காவடி. கூண்டு நிரம்பிவிட்டது. செருப்பைக் கோணிப்பையில் கட்டி, கோணிப்பைக்கு டோக்கன் போட்டோம். போனில் பேசினால் நான் என்ன சொன்னாலும் அது “அரோகரா” என்றே எழுதியது. அதனால் இதுவும் ஒற்றை விரல்தான்.

உங்கள் ஓலை வந்த மறுநாள் கூடத்தைக் கூட்டினேன். தளபதி கூட்டினால் எல்லோரும் வந்தாக வேண்டும் இல்லையா, வந்தார்கள். கோணிப்பை மேல் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு எழுதினதையெல்லாம் அவர்களுக்கும் எழுதினேன். சுருக்கி எழுதத் தெரியாது, முழுசாகவே எழுதினேன். நான் பெண்பிள்ளை, செருப்பு பார்க்கிறவள், ‘விடு’ என்றது ஜெயம்மாளிடம், விஜயராகவன் அண்ணன் கட்டளைப்படிதான் செய்தார், கூடத்தில் நான் சொன்னது பொய். அனுப்பு என்று அழுத்தப் போய், விரலை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஜெயம்மாள் பார்த்துவிட்டாள்.

“யாருக்கு எய்தற? எத்தினி வாட்டி படிப்ப? லவ் லெட்டரா?”

“ஆங், அம்பத்தேழு பேருக்கு ஒண்ணா எய்திகினு இருக்கேன்.”

“அடிப்பாவி, ஒருத்தன்கூட கெடைக்காம நான் கீறேன்!”

அந்தச் சிரிப்பில் அழுத்திவிட்டேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். செருப்புக்காரியா எங்களை இத்தனை நாள் ஓட்டினாள் என்று ஒருவர். பொய் சொன்னது தப்பு, செருப்பு தப்பில்லை என்று ஒருவர். போன தை மாசம் எங்கம்மாவின் செருப்பு உங்கள் மலையில்தான் தொலைந்தது, அதற்கு வழி சொல்லுங்கள் என்று ஒருவர். கடைசியில் ஓட்டு. நாற்பத்தொரு பேர் போ என்றார்கள், ஒன்பது பேர் இரு என்றார்கள், மீதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹேமநாதன் தளபதி ஆகிவிட்டான். பொறுப்பான பையன். ஜோக் சொல்லமாட்டான், படை பிழைத்துக்கொள்ளும்.

அவன் போட்ட முதல் கட்டளை உங்கள் பட்டத்தைத் திருப்பித் தருவதுதான். அறிவிப்பு உங்களுக்கு வரும். கடைசி விளக்கில் காலியாக விட்ட இடத்தில் என் பெயரை எழுதுங்கள். நிர்மலா என்று எழுதுங்கள், தணிகைவேல் பாவம், அது போர்டு.

தாண்டிப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு இனிமேல் அதிகாரம் இல்லை. தளபதியாக இருந்தபோதே நீங்கள் கேட்கவில்லை. இப்போது என்னிடம் இருப்பது ஒரே ஒரு சின்னக் கப்பல். துப்பாக்கி கிடையாது. கழற்றி வாங்கிக்கொண்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள்.

நேற்று கூட்டத்தில் ஒரு ஜோடி மிஞ்சிவிட்டது. ஆள் வரவில்லை. பழைய தோல் செருப்பு, இடது குதிகால் தேய்ந்தது. டோக்கன் எண் 57. நான் மலை இறங்கும் முன்னால் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது வருவார்கள் என்று உள்ளே வைத்துப் பூட்டாமல் வெளியிலேயே வைத்திருக்கிறேன்.

நிர்மலா


அனுப்பியது: ஆகஸ்ட் 22
சேர்ந்தது: ஆகஸ்ட் 25

தங்கச்சி நிர்மலாவுக்கு,

இன்றைக்குக் கிளம்ப வேண்டிய நாள். எரிபொருளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது உன் ஓலை வந்தது.

ஹேமநாதனின் அறிவிப்பும் வந்தது. மரியாதையாக நன்றி எழுதி, பட்டம் வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். நாற்பத்தொரு பேரில் பாதிப் பேர், ஒரு மாதத்துக்கு முன்னால் எனக்கு எதிராகவும் இதே வேகத்தில் ஓட்டுப் போட்டவர்கள்.

விளக்கில் எழுதிவிட்டேன். இனி அழிக்க முடியாது. வாசித்துக்கொள்:

“பங்காரு. மல்லிச்செடிக் கப்பல். வெள்ளைக்கொடி காட்டியபோது சுடப்பட்டார். சுட்டவர் விஜயராகவன், மறுபடி கேட்கவில்லை. கட்டளை நிர்மலா, பார்க்காமல் இட்டார். இருவரும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.”

கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லி நான் தட்டவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நானாகச் சேர்த்த முதல் வாக்கியம் அது.

இப்போது ஒரு சந்தேகம். உன் போன ஓலை வர ஆறு நாள் ஆனது. இது ஐந்தே நாளில் வந்திருக்கிறது. நான் எழுதும் இதற்கு அஞ்சல் “மூன்று நாள்” என்று காட்டுகிறது. நான் விளக்கடியை விட்டு ஒரு அடிகூட நகரவில்லை.

எரிபொருள் இன்னும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்படி என் கப்பலின் விளக்குகளை அணைத்துவிட்டேன். இருட்டாகத்தான் இருக்கிறது. பழகிவிட்டது.

விஜயராகவன்


அனுப்பியது: ஆகஸ்ட் 25
சேர்ந்தது: ஆகஸ்ட் 26

டைப்பிஸ்ட் கண்ணுக்கு எதுவும் தப்பாது போல. திடீரென்று வந்து நின்று பயமுறுத்தலாம் என்று இருந்தேன், நாள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அண்ணே, கொடி ஏத்திட்டேன். பாத்தீங்களா? சுடாதீங்க, வந்துகினு இருக்கேன்.

நிர்மலா


அனுப்பியது: ஆகஸ்ட் 28, காலை 10.31
சேர்ந்தது: ஆகஸ்ட் 28, காலை 10.31

சின்னக் கப்பல் ஒன்று தெரிகிறது. வெள்ளைக்கொடி. விளக்குக்கு இடது பக்கம் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். என் கப்பலையும் பக்கத்தில் கொண்டுவரட்டுமா? என்ன செய்ய?


அனுப்பியது: காலை 10.32
சேர்ந்தது: காலை 10.32

விடு


அனுப்பியது: காலை 10.32
சேர்ந்தது: காலை 10.32

புரியவில்லை. எதை விட? மறுபடி சொல்லவும்.


அனுப்பியது: காலை 10.36
சேர்ந்தது: காலை 10.36

மறுபடி கேட்கிறேன். அவசரமில்லை. இங்கேயே இருக்கிறேன்.


அனுப்பியது: காலை 10.41
சேர்ந்தது: காலை 10.41

ஐயோ அண்ணே, அது உங்களுக்கு இல்லை, ஜெயம்மாளுக்கு! இங்கே இன்னொருத்தர் டோக்கனைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். பக்கத்தில் வாங்க.

சாப்டீங்களா?